மச்சானின் பிஸ்டலும் பதினோரு பால் கேன்களும்

தகரக் கூரை மீது குப்புறப் படுத்திருக்கிறேன். இரண்டு கையிலும் ரொட்டி மாவு. ஒரு செருப்பு காலில் இருக்கிறது, மற்றது கீழே விழுந்துவிட்டது. விழுந்த செருப்பை ஒரு காட்டுப்பன்றி முகர்ந்து பார்க்கிறது. பிடிக்கவில்லை போலும், மூக்கால் தள்ளி விடுகிறது.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை வியாதி உண்டு. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்காத நாள் இல்லை. வீட்டில் பல்பு மாற்ற நாற்காலி மீது ஏறச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவன் நான். அப்படிப்பட்டவன் ஏணி இல்லாத ஒரு கொட்டில் கூரைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இன்று வரை விளங்கவில்லை. பன்றியைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு தகரத்தின் சூடு வயிற்றில் பட்டது ஞாபகம் இருக்கிறது. நடுவில் நடந்ததை பன்றியிடம்தான் கேட்க வேண்டும்.

காலை பத்து மணி இருக்கும். வெயில் ரப்பர் இலைகளுக்குள் புகுந்து கூரையில் காசு காசாக விழுந்திருந்தது. அடுப்பில் டின் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கீழே பன்றி, என் மாவுப் பையை வாயால் பிடித்து உதறிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்றுதான். கொட்டிலின் ஓரத்தில் வரிசையாக வைத்திருந்த ரப்பர் பால் கேன்களில் ஒன்றுக்குள் ஒரு பிஸ்டல் இருந்தது. தோட்டா போட்ட பிஸ்டல். அதை அங்கே வைத்தவன் நான்.

யாருடைய பிஸ்டல்

என் மனைவியின் அண்ணன் பெல்மதுளையில் மாணிக்கக் கல் வியாபாரி. பெயர் நடராஜா. சட்டைப் பையில் கல்லைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற தொழில் என்பதால், தற்காப்புக்கென்று அனுமதிப்பத்திரத்தோடு ஒரு பிஸ்டல் வைத்திருந்தார். கல்லைப் பறிக்க வருகிற ஆளுக்குத்தான் அந்த அனுமதி. பன்றிக்கு இல்லை. இதை நான் அவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

மச்சானுக்குக் கொஞ்ச காலமாகக் கைப்பேசியில் வீடியோ பார்க்கும் வியாதி. எங்கோ ஒரு நாட்டில், தொப்பி போட்ட ஒரு மனிதர் கைத்துப்பாக்கியாலேயே பன்றி சுடுகிறார். சுட்டுவிட்டு அங்கேயே நெருப்பு மூட்டி, இரும்புச் சட்டியில் சமைத்துச் சாப்பிடுகிறார். சாப்பிட்டுக்கொண்டே குறிப்பு சொல்கிறார். மச்சானும் அதே மாதிரி ஒரு தொப்பி வாங்கினார். அதோடு வியாதி முற்றிவிட்டது.

"மாப்ள, நீட்டுத் துவக்கு யார் வேணும்னாலும் தூக்கலாம். பிஸ்டல்ல பன்னி சுடுறதுதான் ஆம்பளத்தனம். இருபது அடிக்குள்ள வர விட்டு சுடணும்."

"இருபது அடிக்குள்ள வந்த பன்னி அங்கயே நிக்குமா மச்சான்?"

"நெஞ்சுத் தைரியம் வேணும்."

"யாருக்கு, பன்னிக்கா?"

மச்சான் என்னை முறைப்பார். மனைவியின் அண்ணனை ஓர் அளவுக்கு மேல் கிண்டல் செய்யக் கூடாது. அந்த அளவை வீட்டில் சரோஜா கண்ணாலேயே காட்டிவிடுவாள்.

நான் யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கண்டாக்கையா. அதாவது வெளி வேலைகளைப் பார்க்கும் உத்தியோகத்தர். அந்த வருஷம் லயத்துக் குடியிருப்பு ஆட்கள் போட்டிருந்த மரவள்ளித் தோட்டங்களைப் பன்றி உழுது போட்டிருந்தது. ஒரு கிழங்கைத் தின்பதற்கு ஒன்பது செடியைப் பிடுங்குகிற மிருகம் அது. பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் இருக்கும் சிறிபாலவிடம் பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்கு உண்டு. பன்றிக்கென்றே அனுமதி உள்ள துவக்கு. அவரை ஒரு நாள் வரச் சொல்லியிருந்தேன். அந்தச் செய்தி சரோஜா வழியாகப் பெல்மதுளைக்குப் போய்விட்டது. விடிவதற்கு முன் மச்சான் தொப்பியோடு வாசலில் நின்றார்.

வேட்டைக்குப் போகிறவர்களுக்கு

வாசகர்களில் யாராவது வேட்டைக்குப் போவதாக இருந்தால், நான் அன்று கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நூற்றுக்கு எண்பது சிறிபால சொன்னவை. மிச்சம் மச்சானைப் பார்த்துக் கற்றவை.

வாசனைச் சோப்புப் போட்டுக் குளிக்காதீர்கள். மச்சான் சோப்புப் போட்டு, பவுடர் பூசி, அதற்கு மேல் சென்ட்டும் அடித்திருந்தார். சிறிபால அவரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "மாத்தயா, இவரு கல்யாணத்துக்கா போறாரு?" என்றார்.

காற்று உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும், முதுகில் அடிக்கக் கூடாது. சிறிபால வழியெல்லாம் ஒரு பிடி காய்ந்த மண்ணை விட்டு விட்டுப் பார்த்தார். மச்சான் கைப்பேசியில் காற்றின் திசை பார்த்தார். கைப்பேசி, கேகாலையில் மழை என்றது.

அட்டைக்குக் காலில் சவர்க்காரத்தைத் தண்ணீர் படாமல் தேய்த்துக்கொள்ளுங்கள். மச்சான் முழங்கால் வரை விலை உயர்ந்த காலுறை போட்டிருந்தார். அட்டைகள் அதற்குள் போய், வெளியே வர மனம் இல்லாமல் குடியிருந்தன.

முக்கியமானது, பேசாதீர்கள். மச்சான் ரகசியம் பேசினால் அடுத்த மலைக்குக் கேட்கும். பிஸ்டலை எப்படி இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், எந்தக் கண்ணை மூடக் கூடாது, மூச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்கு வகுப்பு எடுத்துக்கொண்டே வந்தார். அந்த மாதம் ரப்பர்க் காய் வெடிக்கும் காலம். வெயில் ஏற ஏறக் காய்கள் படார் படார் என்று வெடித்துக் கொட்டையைத் தூக்கி எறியும். முதல் காய் வெடித்ததும் மச்சான் மண்ணில் குப்புற விழுந்தார். எழுந்து, "இதுதான் மாப்ள, சத்தம் கேட்டா உடனே படுத்துடணும்" என்று அதையும் ஒரு குறிப்பாக ஆக்கிவிட்டார்.

சிறிபால கடைசியில் நின்றார். மச்சானின் பிஸ்டலைக் காட்டி, "ஐயே, அந்தச் சின்னது பன்னிக்குக் கோவம் வர வைக்கத்தான் நல்லது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க ரெண்டு பேரும் பால் கொட்டில்ல இருங்க. நான் ஓடைப் பக்கம் நாய விட்டு வெரட்டுறேன். வந்தா அந்தப் பாதையாலதான் வரும்" என்றார்.

எங்களைத் தள்ளி வைப்பதற்காகத்தான் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. மச்சானுக்கோ, தனக்கு முக்கியமான காவல் இடம் கிடைத்துவிட்டதாகச் சந்தோஷம்.

டின் மீன்

பால் கொட்டில் என்றால் நான்கு தூண், ஒரு தகரக் கூரை, ஒரு பக்கம் அரைச் சுவர். பால் வெட்டுகிறவர்கள் காலையில் மரத்துக்கு மரம் சீவிவிட்டு, சிரட்டைகளில் வடிந்த பாலைப் பத்து மணிக்கு மேல் வாளியில் சேர்த்து, இங்கே கொண்டுவந்து கேனில் ஊற்றுவார்கள். டிராக்டர் வந்து கேன்களை, பாலை ரப்பராக்கும் ஸ்டோருக்கு ஏற்றிப் போகும். பால் வரும் வரை கழுவிய கேன்கள் மூடி போட்டு வரிசையாக இருக்கும். பதினோரு பேருக்குப் பதினோரு கேன். ஒவ்வொன்றிலும் ஆளின் இலக்கம் பெயின்டால் எழுதியிருக்கும்.

நான் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்தேன்.

பன்றி கிடைத்தால் சமைக்கக் கொரக்காப் புளி, மிளகு, உப்பு எல்லாம் கொண்டு போயிருந்தேன். கிடைக்காவிட்டால் இருக்கட்டும் என்று இரண்டு டின் மீனும். என் அனுபவத்தில், டின் மீன் கொண்டு போகிற வேட்டையில் பன்றி கிடைப்பதில்லை. கொண்டு போகாத வேட்டையில் பன்றியும் கிடைக்காது, சாப்பாடும் கிடைக்காது. ஆகவே கொண்டு போங்கள்.

காய்ந்த ரப்பர்ச் சுள்ளி நன்றாக எரியும், ஆனால் நிற்காது. பக்கத்திலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சுள்ளியோடு ரப்பர்க் கொட்டை போகாமல் பாருங்கள். போனால் வெடித்துக் குழம்புக்குள் சாம்பலை இறைக்கும். வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், கறிவேப்பிலை வதங்கி, தூள் போட்டு வாசனை மாறியதும் ஒரு குவளைத் தண்ணீர். கொதித்த பிறகுதான் மீன். மீன் போட்டதும் கரண்டியால் கிண்டக் கூடாது, சட்டியைப் பிடித்து ஆட்ட வேண்டும். கிண்டினால் டின் மீன் கஞ்சியாகிவிடும். மச்சான் கிண்டினார். நான் கரண்டியைப் பிடுங்கினேன்.

தேங்காய்ப் பூவும் மாவும் பிசையத் தொடங்கியபோது மச்சான் வயிற்றைப் பிடித்தார்.

"மாப்ள, எனக்கு ஒதுங்கணும்."

"போங்க மச்சான். காடுதானே."

அவர் இடுப்பிலிருந்து பிஸ்டலை உருவி என்னிடம் நீட்டினார். "இடுப்புல வச்சிக்கிட்டு குந்தக் கூடாது. நழுவி விழுந்துரும். இத ஒரு நிமிஷம் புடி."

என் கை முழுக்க மாவு. இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவது போல் வாங்கினேன்.

"ஈரத்துல வைக்காத. நெருப்புக்கிட்ட வைக்காத. யார் கண்ணுலயும் படக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே, தொப்பியைப் பிடித்தபடி மச்சான் புதருக்குள் ஓடினார்.

நீங்களே சொல்லுங்கள். அரைச் சுவர் ஈரம். சுற்றிலும் தரை ஈரம். காய்ந்த இடம் அடுப்பு ஓரம் மட்டும்தான், அங்கே நெருப்பு. பால் வெட்டுகிறவர்கள் வருகிற நேரம் வேறு. ஒரு கேனின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன். காய்ந்து சுத்தமாக இருந்தது. பிஸ்டலை உள்ளே இறக்கி, மூடியைப் போட்டேன். மூன்று கட்டளையும் நிறைவேறின. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மெச்சி முடிப்பதற்குள் ஓடைப் பக்கம் நாய்கள் குரைத்தன. வர வேண்டிய பாதையால், வர வேண்டிய நேரத்துக்குப் பன்றி வந்தது. சிறிபால சொன்னது அச்சுப் பிசகவில்லை. சுட வேண்டியவர்தான் புதருக்குள் குந்தியிருந்தார்.

கூரைக்கு மேல்

நான் கூரையில் இருந்தபடி எல்லா முனியாண்டிகளையும் கூப்பிட்டேன். வந்தது பாக்கியம்.

பாக்கியம் எங்கள் மலையில் பால் வெட்டுகிறவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் பால் வாளியோடு கொட்டிலுக்கு வந்தவள் பன்றியைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். வெட்டுக் கத்தியின் பிடியால் ஒரு கேன் மூடியை டங் டங் என்று தட்டி, "போ சனியனே, அந்தப் பக்கம் போ" என்றாள். வீட்டு மாட்டை விரட்டுவது போல. பன்றி மாவுப் பையோடு போய்விட்டது.

இந்த இடத்தில் நான் இறங்கியிருக்க வேண்டும்.

இறங்கவில்லை. அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் பேசிக்கொண்டே வருவது கேட்டது. தினமும் காலையில் அவர்களுக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிற கண்டாக்கையா, மாவுக் கையோடு தூணைக் கட்டிப் பிடித்து இறங்குவதை அத்தனை பேரும் பார்க்க வேண்டுமா? மூச்சை அடக்கிக்கொண்டு படுத்தேன். கண்ணையும் மூடிக்கொண்டேன். நான் பார்க்காவிட்டால் அவர்களும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

கீழே மூடிகளைத் திறக்கும் சத்தம். உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் கேன் வாயில் வடிகட்டியை வைக்கும் சத்தம். பால் ஊற்றும் சத்தம், களக் களக் என்று. பால் இறுகாமல் இருக்க விடும் அமோனியாவின் நெடி மேலே வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு மனசு அமைதியாகிவிட்டது என்றால் நம்புவீர்களா? ஆபத்து நீங்கியது, வேலை நடக்கிறது, நல்ல பால் என்றுகூட நினைத்தேன். பிஸ்டல் என்ற ஒன்று இந்த உலகத்தில் இருப்பதே மறந்துபோய்விட்டது.

டிராக்டர் வந்தது. கேன்களை ஏற்றினார்கள். ஆட்களும் ஏறிப் போனார்கள். சத்தம் அடங்கியதும் இறங்கினேன். ஏறியதற்குத் தேவைப்படாத உதவியெல்லாம் இறங்கத் தேவைப்பட்டது. சட்டை கிழிந்தது.

மச்சான் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே வந்தார். "பன்னி வந்துச்சா மாப்ள? சத்தம் கேட்டுச்சே."

"வந்துட்டுப் போயிருச்சு மச்சான்."

"சே. நான் இல்லாமப் போயிட்டேனே. சரி, சாமான் எங்க?"

நான் கேன்கள் இருந்த இடத்தைப் பார்த்தேன். பதினோரு வட்டமான ஈரத் தடம் இருந்தது.

பாதை

மோட்டார் சைக்கிளில் ஸ்டோருக்குப் போகும் வழியில் நாங்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"மச்சான், தோட்டா உள்ள இருக்கா?"

"இருக்கு."

"லாக் போட்டிருக்கா?"

"போட்டேன்னு நெனக்கிறேன்."

"நெனக்கிறீங்களா?"

"அவசரம் மாப்ள. வயித்து நெலம உனக்குத் தெரியாது."

ஸ்டோரில் என்ன நடக்கும் என்று எனக்கு மனப்பாடம். கேன்களை இறக்கி வரிசையில் வைப்பார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் கேனைத் தூக்கி, சிமெந்துத் தொட்டிக்கு மேல் இருக்கும் கம்பி வலையில் கவிழ்ப்பார்கள். அந்த வலையில் நாலடி உயரத்திலிருந்து தோட்டா போட்ட பிஸ்டல் தலைகீழாக விழும். சுற்றிலும் பதினோரு பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள்.

என் வேலை போவதைப் பற்றி முதலில் யோசித்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன். தோட்ட மேலாளரான தொரையிடம் கேட்காமல் தோட்டத்துக்குள் துப்பாக்கி கொண்டு வந்தது, பொலிஸ், வீடு, சரோஜா என்று வரிசையாக வந்தன. யாராவது சாகலாம் என்பது இரண்டாவது வளைவில்தான் மண்டையில் ஏறியது. ஏறிய பிறகு கியர் மாற்றவே மறந்துபோனேன்.

தண்ணி

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேன்கள் இறங்கி வரிசையில் இருந்தன. இன்னும் ஒன்றும் கவிழ்க்கவில்லை.

எந்தக் கேன்? இலக்கம் ஞாபகம் இல்லை. அவசரத்தில் இலக்கத்தையா பார்த்தேன்?

"நில்லுங்க எல்லாரும். ஊத்தாதீங்க" என்றேன்.

ஏன் என்று கேட்டார் ஸ்டோர் ஐயா. ரப்பர் காய்ச்சும் பொறுப்பில் இருக்கும் மனிதர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் இந்தக் கதையையே எழுதியிருக்க மாட்டேன். வாயில் வந்தது வேறு.

"பால்ல தண்ணி கலந்திருக்கறதா தகவல் வந்திருக்கு. ஒவ்வொரு கேனா பாக்கணும்."

ரப்பர்த் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட சொல் என்று தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எடை கூட்டிக் காட்டப் பாலில் தண்ணீர் ஊற்றினாய் என்று ஓர் ஆளைச் சொல்வது, திருடி என்று முகத்துக்கு நேரே சொல்வது. புத்தகத்தில் ஒரு தடவை பெயர் ஏறினால் கத்தியைப் பிடுங்கிப் புல் வெட்ட அனுப்பிவிடுவார்கள். பிறகு லயத்தில் அந்தப் பெயர் போகாது.

ஆட்கள் கேன்களை விட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள். அது சத்தம் போட்டதைவிட மோசமாக இருந்தது.

தண்ணீர் பார்க்க ஒரு கண்ணாடிக் கருவி இருக்கிறது. அதை மிதக்க விட்டு அளவு பார்ப்பார்கள். நான் அதைத் தொடவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி, முதல் கேனுக்குள் தோள் வரை கையை விட்டுத் துழாவினேன். மச்சான் பின்னால் நின்று காதுக்குள், "விரலப் பாத்து விடு மாப்ள, விசையில மாட்டிறாத" என்று மந்திரம் ஓதினார். அமோனியா கண்ணைப் பிடுங்கியது. வெளியே எடுத்த கையில் பால் காய்ந்து, முடியையெல்லாம் இழுத்துப் பிடித்தது.

"கண்டாக்கையா, கைய விட்டா தண்ணி பாப்பாங்க?" என்றார் ஸ்டோர் ஐயா.

"புது மொற" என்றேன்.

இரண்டாவது கேனில் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. ஏழாவது கேன் முடிந்தபோது என் வலது கை, பூச்சு அடித்த தூண் மாதிரி ஆகியிருந்தது.

எட்டாவது கேன்

எட்டாவது கேனின் மூடி மீது பாக்கியம் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி பாக்கியம்."

"எந்திரிக்கிறேன். என் பால்ல தண்ணி இருக்குன்னு சொன்னது யாருன்னு சொல்லுங்க. அப்புறம் கைய வைங்க."

"தகவல் வந்துச்சு."

"யார் சொன்னது? நாங்க ஊத்தறப்ப அங்க யார் இருந்தா? பன்னி இருந்துச்சு, அது போயிருச்சு. நீங்க இருந்தீங்க."

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன்.

"கொட்டில் கூரைல படுத்துத்தானே இருந்தீங்க? செருப்பு கீழ கெடந்துச்சு, காலு தகரத்துக்கு வெளிய தொங்குச்சு. பாவம், ஐயாவுக்கு வெக்கமா இருக்கும்னு ஒரு வார்த்த சொல்லாம வந்தேன். மேல இருந்து பாத்தீங்கள்ல? யாரு தண்ணி ஊத்துனது?"

வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்கள். பிறகு எல்லாருமே தோற்றார்கள்.

பாக்கியம் சிரிக்கவில்லை. எழுந்து மூடியைக் கழற்றி எறிந்தாள். "தண்ணி இருந்தா எல்லாருக்கும் தெரியட்டும்" என்று கேனின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கினாள். உள்ளே டொக் என்று ஒரு சத்தம். எனக்கும் மச்சானுக்கும் மட்டும் அர்த்தமான சத்தம். மச்சான் தொப்பியோடு சேர்ந்து ஸ்டோர் சுவருக்குப் பின்னால் மறைந்தார்.

"வேணாம் பாக்கியம். தூக்காத. அதுல தண்ணி இல்ல. துப்பாக்கி இருக்கு."

இருபது வருஷமாக இந்த ஆட்களிடம் பகிடி விட்டே பிழைத்தவன் நான். தொரை ஹெலிகாப்டரில் வருகிறார் என்றிருக்கிறேன். ரப்பர் மரத்தில் பலா ஒட்டுப் போடப் போகிறோம் என்று, ஒரு மலை ஆட்களையே நம்ப வைத்திருக்கிறேன். என் வாயிலிருந்து ஓர் உண்மை அதன் முழு உயரத்தில் எழுந்து நின்ற ஒரே நாள் அன்று. ஸ்டோரே அதிரச் சிரித்தார்கள்.

"துப்பாக்கியாம். சரி, சுடட்டும்" என்றாள் பாக்கியம். கேன் அவள் தோளுக்கு மேல் சாய்ந்தது. எதிரே, வலையை ஒட்டி நான்கைந்து பேர் குனிந்து நின்றார்கள்.

நான் பாய்ந்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அங்கே தரை எப்போதும் பால் சிந்தி வழுக்கும். ஓர் அடி எடுத்து வைத்தேன், மீதியை வழுக்கல் பார்த்துக்கொண்டது. கேனைக் கட்டிப்பிடித்தபடி நானும் அவளும் கேனும் தரையில் உட்கார்ந்தோம். கேன் நிறைந்த பால் முழுவதும் என் தலையிலிருந்து மடிக்கு வழிந்தது. கடைசியாக, கனமாக ஒன்று வந்து என் மடியில் விழுந்தது.

சிரிப்பு நின்றது.

வெள்ளையாக, பால் சொட்டச் சொட்டக் கிடந்தது. வெடிக்கவில்லை. நான் மூச்சு விடவில்லை. அசைந்தால் வெடிக்குமோ என்று ஒரு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன். பால் இறுகத் தொடங்கியதும் சிலையாகவே ஆகிவிடுவேனோ என்ற பயமும் சேர்ந்தது.

மச்சான் சுவருக்குப் பின்னாலிருந்து வந்து, அதை எடுத்துத் தோட்டாக்களைக் கழற்றினார். லாக்கைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"போட்டிருந்துச்சா மச்சான்?"

அவர் தோட்டாக்களைச் சட்டைப் பையில் போட்டார். இன்றைக்கு வரை பதில் சொல்லவில்லை.

கடைசியாக

சத்தம் கேட்டு ஆபீசிலிருந்து தொரை வந்தார். என்னைப் பார்த்தார், பிஸ்டலைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். "மேக்க மொகக்த?" என்று சிங்களத்தில் கேட்டார். இது என்ன என்று கேட்டால் எங்கிருந்து ஆரம்பிப்பது? மச்சான் ஆரம்பித்தார். தொரை பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். அன்றைக்கே பொலிசுக்குப் போய், நடந்ததைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் தானே சொல்வதாகச் சொன்னார். மச்சான் ஒப்படைத்தார். அனுமதிப்பத்திரமும் போனது. அதற்குப் பிறகு பல மாதம் பெல்மதுளையிலிருந்து சரோஜாவுக்கு மட்டும்தான் போன் வரும். என்னைப் பற்றி விசாரிக்க மாட்டார்.

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அதைவிடக் கொடுமை தலைமுடி. பால் காய்ந்து தலை முழுக்க ரப்பர்த் தொப்பியாகிவிட்டது. தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எதற்கும் அசையவில்லை. சரோஜா கத்தரிக்கோலை எடுத்தாள். அவள் அண்ணனுக்காக ஒரு வார்த்தை, எனக்காக ஒரு வெட்டு என்று மாறி மாறிப் போனது. சிறிபால மத்தியானம் கொட்டிலுக்கு வந்து, ஆள் இல்லாததைப் பார்த்து, டின் மீன் குழம்பு முழுவதையும் தானே சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். உப்பு கொஞ்சம் குறைவு என்று பிறகு சொன்னார்.

ஆனால் தொரையும் மச்சானும் அந்தப் பக்கம் போன பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மற்றவர்கள் வலையில் பாலை ஊற்றத் தொடங்கினார்கள். பாக்கியம் மட்டும் காலிக் கேன் பக்கத்தில் நின்றாள். அவளுடைய ஒரு காலை வேலை முழுவதும் என் சட்டையில் இறுகிக்கொண்டிருந்தது. அளந்து பார்க்க ஒரு சொட்டு மிச்சம் இல்லை.

"ஐயா, துப்பாக்கி உங்க சமாச்சாரம். எனக்கு அது வேணாம்" என்றாள். "என் பால்ல தண்ணி இருந்துச்சா, இல்லையா?"

"இல்ல பாக்கியம்."

"எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க."

சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். தொட்டிப் பக்கம் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"சொன்னது காத்தோட போயிரும். நாளைக்கு நீங்க மாறிப் போவீங்க, வேற ஐயா வருவாரு. கண்டாக்கையா தண்ணி பாத்தாருன்னு மட்டுந்தான் பேச்சு நிக்கும். எழுதுங்க."

ஸ்டோர் ஐயா புத்தகத்தைக் கொண்டு வந்தார். அன்றைய தேதிக்குக் கீழே, பதினோரு இலக்கத்துக்கும் எதிரே தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லை என்று எழுதினேன். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் எழுத்து கோணல் மாணலாக வந்தது. எட்டாவது இலக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். அளக்காத பாலுக்கு என்ன எழுதுவது? தண்ணீர் இல்லை, முதல் தரம் என்று எழுதினேன். குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில், 'கண்டாக்கையா வைத்த துப்பாக்கி தவிர வேறு கலப்படம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பகிடிக்கு எழுதவில்லை. அந்தக் கட்டத்தில் வேறு எதை எழுதினாலும் பொய்யாகியிருக்கும்.

"வாசிங்க."

வாசித்தேன்.

"பதினோரு பேரும் இருக்காங்களா?"

"இருக்காங்க. நீங்களே பாருங்க."

இருபது வருஷத்தில் அவளை நான் நீங்க என்று சொன்னது அன்றுதான். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. பாக்கியம் புத்தகத்தைக் கையில் வாங்கினாள். எட்டாவது வரியை, விரலை வைத்து மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். அடுத்த வரிகளையும் படித்தாள். அவசரப்படவில்லை. முடித்துப் புத்தகத்தை ஸ்டோர் ஐயாவிடம் கொடுத்துவிட்டு, என் காலடியில் கிடந்த கேனைக் குனிந்து எடுத்தாள்.

"அப்ப கொஞ்சம் நகருங்க ஐயா. கேன் கழுவணும்."